வளவில் என்ன பாட்டு போடலாம்? செட்டிநாட்டுக் கல்யாண வீட்டுக்குப் பாட்டு அடுக்கும் முறை

கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னால் சென்னையிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ ஊருக்கு வந்து இறங்கும் பிள்ளைகளின் தலையில் தவறாமல் ஒரு வேலை விழும். “பாட்டு மட்டும் நீ பாத்துக்க தம்பி.” சமையலுக்கு ஆள் வைப்பார்கள், பந்தலுக்கு ஆள் வைப்பார்கள். பாட்டுக்கு மட்டும் கையில் நல்ல போன் இருந்தால் போதும் என்று நினைப்பு. வாங்கிக்கொண்ட பிள்ளையும் ‘கல்யாணப் பாடல்கள்’ என்று தேடி, முதலில் வந்த பட்டியலை அழுத்திவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய்விடும். பிறகுதான் வினை.

பள்ளிக்கூட விடுமுறைகளில் காரைக்குடிப் பக்கம் ஒரு மைக்செட்காரருக்குப் பின்னால் வயர் தூக்கித் திரிந்தவன் நான். இப்போது பிழைப்பு வேறு. ஆனாலும் தெரிந்த வீட்டு விசேஷம் என்றால் பாட்டு என் பொறுப்புதான். புதிதாக இந்த வேலையில் மாட்டிக்கொண்டவர்களுக்காக, நான் செய்யும் வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில் வீடு, அப்புறம்தான் பாட்டு

செட்டிநாட்டு வீட்டில் பாட்டு போடுவதும் ஏசி மண்டபத்தில் போடுவதும் ஒன்றல்ல. மண்டபத்தில் திரை, மெத்தை நாற்காலி என்று சத்தத்தை உறிஞ்ச ஏதாவது இருக்கும். இங்கே காலடியில் ஆத்தங்குடிக் கல், சுற்றிலும் முட்டை வெள்ளைக்கரு கலந்து இழைத்த சுண்ணாம்புச் சுவர், தலைக்கு மேலே பர்மாத் தேக்கு. எல்லாமே வழவழப்பு, எல்லாமே கெட்டி. போட்ட சத்தம் போன வேகத்தில் திரும்பி வரும்.

வளவின், அதாவது வீட்டின் உள்முற்றப் பகுதியின், நடுவில் நின்று ஒரு தட்டு கை தட்டிப் பாருங்கள். சத்தம் சட்டென்று நின்றால் கவலை இல்லை. ‘டப்’ என்றது ‘டப்ப்ப்’ என்று இழுத்தால், அந்த இடத்தில் பெரிய பெட்டி வைக்கவே வைக்காதீர்கள். கூட்டம் நிறைந்ததும் பட்டும் பருத்தியும் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும். ஆனால் அடிச்சத்தம், அதாவது பேஸ், மனிதர்களுக்கெல்லாம் அடங்காது. பெட்டியில் பேஸ் திருகு இருந்தால் பாதிக்குக் கீழே இறக்குங்கள். பெட்டியைச் சுவர் மூலையில் வைக்க வேண்டாம். மூலையில் பேஸ் இன்னும் ஊதிக்கொள்ளும்.

அப்படியானால் சத்தம் எப்படி எட்டும்? பெரிய பெட்டி இரண்டுக்குப் பதிலாகச் சின்னப் பெட்டி நாலு. முகப்பில் ஒன்று, வளவில் எதிரெதிராக இரண்டு, பந்தி நடக்கும் பின்கட்டில் ஒன்று. ஒவ்வொன்றும் தனக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் பாடினால் போதும். இதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஒலி ஒரு வினாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். முகப்பிலிருந்து பின்கட்டு 100 அடி தள்ளி இருந்தால், முன்பெட்டியின் சத்தம் அங்கே போய்ச் சேர ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு வினாடி ஆகிவிடும். பின்கட்டில் நிற்பவருக்கு ஒரே பாட்டு இரண்டு தடவை கேட்கும். பெட்டிகளை ஒன்றின் சத்தம் இன்னொன்றின் பகுதிக்குள் நுழையாத அளவுக்குத் தணித்து வைப்பதுதான் எளிய வழி. ப்ளூடூத் பெட்டி வேண்டாம். அது தன் பங்குக்கும் தாமதம் சேர்க்கும். வயர்தான் நல்லது.

இன்னொன்று, போனின் அமைப்புகளில் ‘மோனோ ஆடியோ’ என்று ஒன்று இருக்கும், அதைப் போட்டுவிடுங்கள். தமிழில் 1978 இல் ‘ப்ரியா’ பாடல்கள் ஸ்டீரியோவில் வந்த பிறகு, வயலின் ஒரு பக்கம், கிட்டார் ஒரு பக்கம் என்று வாத்தியங்களைப் பிரித்துப் பதிவு செய்வது பழக்கமாகிவிட்டது. ஹெட்போனில் அது அழகு. முகப்பில் ஒரு பக்கமும் பின்கட்டில் மறுபக்கமும் ஒலித்தால், முகப்பில் இருப்பவருக்குக் கிட்டார் கேட்காது, பின்கட்டில் சாப்பிடுபவருக்கு வயலின் கேட்காது.

பாட்டு கூடாத நேரங்கள்

போட வேண்டிய பாட்டுகளை எழுதுவதற்கு முன்னால், போடக் கூடாத நேரங்களை எழுதுங்கள். வீட்டில் சடங்கு முறை தெரிந்த ஓர் ஆச்சியிடம் உட்கார்ந்து கேட்டால் பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

நாயனமும் தவிலும் ஒலிக்கும்போது உங்கள் பெட்டி மூச்சு விடக் கூடாது. திருப்பூட்டும், அதாவது தாலி கட்டும், நேரத்தில் கெட்டிமேளம் மட்டும்தான். மாப்பிள்ளை அழைப்பில் மேளக்காரர்கள் வீதியில் வரும்போது, முகப்புப் பெட்டியில் சினிமாப் பாட்டு ஓடினால் அவர்களுக்கு அது அவமானம். சுருதியும் கெடும். இசைகுடிமானம் எழுதி வாசிக்கும்போதும் நிறுத்த வேண்டும். பெயரில் ‘இசை’ இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம். அது சம்மதம் என்ற பொருளில் வரும் இசை. இரண்டு வீட்டாரும் ஒப்புக்கொண்டதை வாசிக்கும்போது ஒரு சொல் காதில் விழாமல் போனால் உங்களைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள்.

மேளக்காரர்கள் எப்போது காபி குடிக்கப் போவார்கள், எப்போது சாப்பிடுவார்கள் என்று அவர்களிடமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் நேரம் அந்த இடைவெளிகள்தான். சின்ன மரியாதை. ஆனால் அதன் பிறகு அவர்களே தலையை ஆட்டி ஜாடை காட்டுவார்கள்.

பாட்டு சேகரிப்பது

வெளியில் தேடுவதற்கு முன்னால் இந்த மண்ணிலேயே கொஞ்சம் தேடுங்கள். தமிழ்ச் சினிமாப் பாட்டின் பாதிக் கதை காரைக்குடியைச் சுற்றித்தான் ஓடுகிறது என்று நான் சொன்னால் மதுரைக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். கணக்கைப் பாருங்கள். ஏ.வி. மெய்யப்பன் காரைக்குடிக்காரர். 1947 இல் வந்த ‘நாம் இருவர்’ படம், கோடம்பாக்கத்துக்குப் போகும் முன் அவர் காரைக்குடியில் தேவகோட்டை ரஸ்தாவில் நடத்திய ஸ்டுடியோவில் எடுக்கப்பட்டது. அதில் பாரதியார் பாட்டுகளை டி.கே. பட்டம்மாள் பாடினார். கண்ணதாசன் பக்கத்துச் சிறுகூடல்பட்டி. அவருடைய அண்ணன் மகன் பஞ்சு அருணாசலமும் அதே ஊர். 1976 இல் ‘அன்னக்கிளி’யில் இளையராஜாவை அறிமுகப்படுத்தியவர் அவர்தான்.

இதில் பெருமை மட்டுமல்ல, வேலைக்கான விஷயமும் இருக்கிறது. மருமகள் வலது காலை எடுத்து வைத்து உள்ளே வரும்போது ஊரெல்லாம் போடும் ‘மணமகளே மருமகளே வா வா’ 1962 இல் ‘சாரதா’ படத்துக்குப் பஞ்சு அருணாசலம் எழுதியது. பெண்ணை அழைத்து வரும்போது போடும் ‘வாராயென் தோழி வாராயோ’ 1961 இன் ‘பாசமலர்’. கண்ணதாசன் எழுதி எல்.ஆர். ஈஸ்வரி பாடியது. அன்னக்கிளியின் ‘சுத்தச் சம்பா’ நெல் குத்தும் கல்யாண வீட்டுப் பாட்டு. முதல் நாள் காய்கறி அரியும்போது பின்கட்டில் அதைப் போட்டுப் பாருங்கள், அரிவாள்மனையே தாளம் போடும். இந்த மூன்றையும் முதலில் எடுத்து வையுங்கள். பட்டியலுக்கு முதுகெலும்பு கிடைத்துவிடும்.

பாட்டைப் பதிவிறக்கும்போது கவனிக்க வேண்டியது பாடகர் பெயர். பழைய பாட்டு என்று நினைத்து இறக்கினால் வேறு யாரோ பிற்காலத்தில் பாடிய பதிப்பாக இருக்கும். வயதானவர்கள் முதல் வரியிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். பஸ்ஸில் போடுவதற்கென்று எக்கோ சேர்த்த பதிப்புகளும் ஏராளம். வீடே எக்கோ போடும்போது அது எதற்கு? அப்புறம், செயலியில் இறக்கத் தரத்தை ‘உயர்ந்தது’ என்று மாற்றிவிட்டு இறக்குங்கள். ஒலியளவைச் சமமாக்கும் வசதியும் செயலியில் இருக்கும். 1960களின் பதிவு மெலிதாக இருக்கும், இன்றைய பாட்டு காதைப் பிளக்கும். அந்த வசதியைப் போடாவிட்டால் நாள் முழுக்கத் திருகைத் திருகிக்கொண்டே நிற்க வேண்டியதுதான்.

ஷஃபிள் போடாதீர்கள். என் கதையைச் சொல்கிறேன். கவிஞர் ஊர்ப் பக்கத்துக் கல்யாணம், அவர் பாட்டுகளே ஓடட்டும் என்று கண்ணதாசன் தொகுப்பு ஒன்றைப் போட்டு, ஷஃபிளைத் தட்டிவிட்டு சாப்பிடப் போனேன். மூன்று பாட்டு அருமையாக ஓடியது. நாலாவதாக வந்தது ‘வீடு வரை உறவு’. எனக்குச் சோறு இறங்கவில்லை. பரிமாறிக்கொண்டிருந்தவர் வாளியோடு நின்றுவிட்டார். பந்தி நடந்த பின்கட்டிலிருந்து பெட்டி இருந்த இடத்துக்கு நான் ஓடிய ஓட்டத்தை இன்றும் அந்த வீட்டில் சொல்லிச் சிரிக்கிறார்கள். எந்தப் பாட்டாக இருந்தாலும் பல்லவியோடு சரணத்தையும் ஒரு முறை கேட்டுவிட்டுத்தான் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்பதை அன்று படித்தேன்.

படக்கதையைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. ‘கல்யாண மாலை’ வந்த ‘புதுப்புது அர்த்தங்கள்’ ஒத்துப்போகாத தம்பதியின் கதை. அதற்காக யாரும் அதை ஒதுக்கவில்லை. ஆனால் சாவு, பிரிவு, குடி, பெற்றோரைத் திட்டுவது, இவை வரியில் வந்தால் மெட்டு எவ்வளவு நன்றாக இருந்தாலும் வேண்டாம்.

ரீமிக்ஸ்: ஜோடியாகப் போடுங்கள்

வரவேற்புச் சாயங்காலம் இளசுகள் கேட்பது ரீமிக்ஸ். பெரியவர்கள் முகம் சுளிப்பதும் அதற்குத்தான். இரண்டு பக்கத்தையும் சமாளிக்க நான் செய்வது ஒன்றே ஒன்று: மூலப் பாட்டை முதலில் போட்டு, அதை ஒட்டியே ரீமிக்ஸைப் போடுவது. மூலம் ஓடும்போது அப்பத்தாக்கள் முணுமுணுப்பார்கள். ரீமிக்ஸ் தொடங்கும்போது பேத்திகள் எழுந்துவிடுவார்கள். “இது நம்ம பாட்டுல்ல!” என்று அப்பத்தா சொல்லும் அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் இவ்வளவு மெனக்கெடல். மாற்றிப் போட்டால் இந்த வித்தை பலிக்காது. ரீமிக்ஸுக்குப் பிறகு மூலம் வந்தால் ஆடுகிறவர்களுக்குச் சப்பென்று ஆகிவிடும்.

சோதித்துப் பார்த்த ஜோடிகள் சில. ‘ஆசை நூறு வகை’: 1983 இன் ‘அடுத்த வாரிசு’வில் இளையராஜா போட்டது, 2003 இல் ‘குறும்பு’ படத்தில் மகன் யுவன் அதையே எடுத்துக் கையாண்டார். தமிழ்ப் படங்களில் ரீமிக்ஸ் வரிசை கட்டி வந்தது அதற்குப் பிறகுதான். ‘தொட்டால் பூ மலரும்’: 1964 இன் ‘படகோட்டி’யும் 2004 இன் ‘நியூ’வும். ‘பொன்மகள் வந்தாள்’: 1970 இன் ‘சொர்க்கம்’, 2007 இல் ‘அழகிய தமிழ் மகன்’, ‘நியூ’, ‘அழகிய தமிழ் மகன்’ இரண்டுக்கும் இசை ஏ.ஆர். ரஹ்மான். பொன்மகள் என்ற சொல் இருப்பதால் மணப்பெண் மேடைக்கு வரும்போது இதைக் கேட்டு வாங்குகிறவர்கள் உண்டு.

‘பில்லா’ தனியாகச் சொல்ல வேண்டியது. 1980 இல் வந்த படத்துக்கு எம்.எஸ். விஸ்வநாதன் இசை, பாட்டு கண்ணதாசன். 2007 இல் யுவன் அதே பெயரில் வந்த படத்துக்கு ‘மை நேம் இஸ் பில்லா’வையும் ‘வெத்தலையைப் போட்டேண்டி’யையும் புதுப்பித்தார். ஆங்கிலத்தில் பல்லவி தொடங்கும் அந்தப் பாட்டை எழுதியவர் சிறுகூடல்பட்டிக்காரர் என்று சொன்னால் பையன்கள் நம்ப மாட்டார்கள். வெத்தலைப் பாட்டைச் சாயங்காலத்துக்கு வைக்காதீர்கள். மத்தியானப் பந்தி முடிந்து தாம்பூலத் தட்டு சுற்றும்போது போடுங்கள், மலேசியா வாசுதேவன் பாடிய பழையதை.

மலேசியா என்றதும் நினைவு வருகிறது. செட்டிநாட்டுக் கல்யாணத்தில் கோலாலம்பூர், பினாங்கு உறவுகள் இல்லாமல் இருக்காது. அவர்கள் பிள்ளைகளை எழுப்ப ஒரு ஜோடி வைத்திருக்கிறேன்: ‘மடை திறந்து’. 1980 இன் ‘நிழல்கள்’ படத்தில் எஸ்.பி. பாலசுப்பிரமணியம் பாடியது. அதை வைத்து மலேசியாவின் யோகி பி – நட்சத்திரா குழு 2006 இல் ‘வல்லவன்’ ஆல்பத்தில் ராப் செய்தது. கடல் கடந்து போன பாட்டு கடல் கடந்து திரும்பி வந்த மாதிரி. இதற்கு நாற்பது வயது மாமன்மார்களும் எழுந்துவிடுகிறார்கள், அதுதான் வேடிக்கை.

தாளம் முட்டாமல்

ஆட்டம் நடக்கும் அந்த ஒரு மணி நேரத்துக்கு மட்டும் தாளக் கணக்கு பார்க்க வேண்டும். பாட்டை ஓடவிட்டு 15 வினாடிக்கு எத்தனை தட்டு விழுகிறது என்று தொடையில் தட்டி எண்ணுங்கள். நாலால் பெருக்கினால் நிமிடக் கணக்கு. அதைப் பாட்டுப் பெயரின் பக்கத்தில் எழுதிக்கொண்டு, குறைவிலிருந்து கூடுதலுக்கு அடுக்குங்கள். 90 இல் இருந்து 130 க்கு ஒரே தாவாகத் தாவினால் கால் இடறும்.

எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலும் நடை வேறாக இருக்கலாம். டப்பாங்குத்து ‘தகிட தகிட’ என்று மும்மூன்றாக ஓடும். ரீமிக்ஸில் பெரும்பாலானவை ‘தகதிமி’ என்று நாலாக ஓடும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நேராக மாறினால் ஆடுகிறவர்கள் ஒரு நிமிடம் திருதிருவென்று விழிப்பார்கள். குத்துப் பாட்டுகளை ஒரு கட்டாகவும் மற்றவற்றை ஒரு கட்டாகவும் பிரித்து, நடுவில் பத்து வினாடி சும்மா விடுங்கள். கைதட்ட நேரம் கிடைக்கும், தண்ணீர் குடிக்கவும்.

பந்திக்கு வார்த்தை இல்லாத இசை

சாப்பிடும் இடத்தில் பாட்டு வேண்டாம், வாத்தியம் போதும். “இன்னும் கொஞ்சம் சாதம் வைக்கவா?” என்பது கேட்க வேண்டும். ஒரு வீட்டில் ஆச்சி ஒருவர் எழுந்து வந்தே சொன்னார்: “தம்பி, கொஞ்சம் கொறச்சு வையி. வந்தவுகளோட ரெண்டு வார்த்தை பேச முடியல.” அன்றிலிருந்து என் அளவுகோல் இதுதான். பந்தியில் இலைக்கு எதிரே நிற்பவர் சாதாரணக் குரலில் பேசினால் உட்கார்ந்திருப்பவருக்குப் புரிய வேண்டும்.

இதற்கும் ஊர்ச் சரக்கே இருக்கிறது. குன்றக்குடியில் பிறந்த வைத்தியநாதன் வயலினில் சினிமாப் பாட்டையும் வாசித்தார், கீர்த்தனையையும் வாசித்தார். வலையப்பட்டி சுப்பிரமணியத்தின் தவிலோடு சேர்ந்து அவர் வாசித்தவை பந்திக்கென்றே செய்தது போல இருக்கும். அமைதியான சாயங்காலம் வேண்டும் என்றால் காரைக்குடி சாம்பசிவ ஐயரின் வீணை. பழைய பதிவு, கரகரக்கும், இருந்தாலும் வளவின் எதிரொலி அந்த வீணைக்கு அழகு சேர்க்கிறது. படங்களின் பின்னணி இசைத் தொகுப்புகளும் போடலாம். ஆனால் சண்டைக் காட்சி இசை நடுவில் புகுந்துவிடும். ரசம் பரிமாறும்போது வில்லன் நுழைவது நன்றாக இருக்காது, முழுவதும் கேட்டுப் பிரித்தெடுங்கள்.

சாந்திக் கல்யாணத்துக்கும், அதாவது அறுபதாம் கல்யாணத்துக்கும், இதே முறைதான், ஆட்டக் கட்டு மட்டும் வேண்டாம். ‘புதுமை’ என்ற சடங்கு போன்ற பிள்ளைகள் விசேஷத்தில் வீட்டு ஆச்சிமார் தாலாட்டுப் பாடத் தெரிந்தவர்களாக இருந்தால், பெட்டியை அணைத்துவிட்டு மைக்கை அவர்களிடம் கொடுத்துவிடுங்கள். உங்கள் பட்டியலில் அதைவிட நல்லது எதுவும் இல்லை.

சட்டம், கொஞ்சம்

கல்யாணத்தில் பதிவு செய்த பாட்டைப் போட உரிமக் கட்டணம் கேட்டு யாராவது வந்தால் பதற வேண்டாம். 1957 ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52(1)(இசட்ஏ) பிரிவு கல்யாண ஊர்வலத்துக்கும் அதை ஒட்டிய கொண்டாட்டங்களுக்கும் விலக்கு தருகிறது. 2023 ஜூலையில் மத்திய அரசும் அதைத் தெளிவுபடுத்தி அறிவிப்பு வெளியிட்டது. ஆனால் கல்யாண வீடியோவைப் பாட்டோடு யூடியூபில் ஏற்றுவது வேறு கதை. அங்கே சத்தத்தை முடக்கிவிடுவார்கள்.

ஒலிபெருக்கிக்குக் காவல் நிலையத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள். கூம்புக் குழாய் கட்டக் கூடாது. இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை வெளியில் ஒலிபெருக்கி கூடாது. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்பது விதி. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், நீதிமன்றம் இருந்தால் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதி. ஆட்டக் கட்டு ஒன்பதரைக்கு முடியும்படி கணக்குப் போட்டு வையுங்கள். 9.55 க்கு “இன்னும் ஒரே ஒரு பாட்டு” என்று கெஞ்சுவார்கள். அந்த ஒன்றுக்கும் நேரம் இருக்கும்.

கையில் இருக்க வேண்டியவை

பாட்டுக்கென்று தனி போன், சிம் இல்லாமல், விமான நிலையில். உங்கள் சொந்தப் போனைச் செருகினால், மௌனமாக மாலை மாற்றும் நேரத்தில் ரிங்டோன் வீடு முழுக்க முழங்கும். எல்லாப் பாட்டும் இறக்கியே இருக்க வேண்டும். கனத்த சுவருக்குள் சிக்னலை நம்ப முடியாது, அன்றைக்கு 500 போன் ஒரே இடத்தில் இருக்கும். அதே பட்டியல் ஒரு பென்டிரைவிலும் இருக்கட்டும். போனைப் பெட்டியோடு சேர்க்கும் வயர் இரண்டு. ஒன்று கட்டாயம் பழுதாகும். ஜெனரேட்டருக்கு மாறும் அந்த நொடியில் ‘டம்’ என்று அடித்துப் பெட்டி எரியாமல் இருக்க, மின்சாரம் போனவுடன் திருகைப் பூஜ்யத்துக்கு இறக்குங்கள். வந்த பிறகு மெதுவாக ஏற்றுங்கள்.

நேர வரிசையை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள். நீங்கள் சாப்பிடப் போகும்போது பக்கத்தில் நிற்கும் பையனுக்கு அது போதும்.

எல்லாம் முடிந்து வயரைச் சுற்றும்போது முழங்கையில் இறுக்கிச் சுற்றாதீர்கள். உள்ளே இருக்கும் செம்பு முறுக்கிக்கொண்டு அடுத்த விசேஷத்தில் கரகரக்கும். கையில் ஒரு வளையம் இப்படி, ஒரு வளையம் எதிர்ப்பக்கம் என்று மாற்றி மாற்றி விட்டு, நூலால் தளர்வாகக் கட்டுங்கள். அந்த மைக்செட்காரர் எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்ததும் அதுதான். பாட்டைத் தொட விட்டது அடுத்த வருஷம்தான்.